வாப்பாவின் சீவலும் காக்காவின் தூளும்

கொஞ்சம் நீளமான பதிவு. தளபாட வேலை செய்கிறவர்களும், அந்த வேலைக்குப் பிள்ளைகளை விட்டிருக்கிறவர்களும் நேரம் எடுத்து வாசியுங்கள்.

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. காக்கா வளவின் பின்பக்கம் கொட்டில் போட்டுத் தளபாடம் செய்கிறார். கதவு, ஜன்னல், கட்டில், அலுமாரி. ஒரு வட்டவாள், ஒரு பிளேனர், ஒரு ரவுட்டர், இரண்டு கை சாண்டர். அவரோடு இரண்டு பையன்கள் வேலை செய்கிறார்கள். அதில் ஒருவன் என்னிடம் வரலாறு படித்தவன். ஓ.எல். முடித்த கையோடு வேலைக்கு வந்துவிட்டான். இப்போது வயது 19. மூக்கு எப்போதும் அடைத்தபடியே இருக்கும். இரவில் இருமல் நிற்பதில்லை என்று அவனது உம்மா என்னை வழியில் கண்டு சொன்னா.

காக்கா திக்னசர் ஒன்று வாங்கக் காசு சேர்த்து வைத்திருந்தார். நான் போய், "அந்தக் காசில முதல் தூள் இழுக்கிற மெஷின் ஒண்டு எடுங்க காக்கா" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"தம்பி, வாப்பா நாப்பது வருஷம் இந்த வேலைதானே செஞ்சார். அவருக்கு ஒண்டும் வரல்லயே."

நியாயமான கேள்வி. அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு வரலாறு கற்பித்த விரிவுரையாளர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: இன்றைக்கு ஒரு பொருள் ஏன் இப்படி இருக்கிறது என்று விளங்கவில்லையா, அது எங்கே, யாருக்காகச் செய்யப்பட்டது என்று போய்ப் பாருங்கள். அப்படித்தான் நான் பல இரவுகள் இந்தத் தூளின் வரலாற்றைத் தேடி வாசித்தேன். அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாப்பாவின் விஷயம். வாப்பா பாவித்தது கைவாளும் சீவுளியும் உளியும். சீவுளி மரத்தை நீளமாகச் சீவும். அந்தச் சுருள் சுருளான சீவலில்தான் நாங்கள் சின்ன வயதில் விளையாடினோம். உம்மா அதைத்தான் அடுப்புப் பற்றவைக்க எடுத்துப் போவா. சீவல் பாரமானது, காலடியில் விழும். கைவாளின் தூளும் பெரும்பாலும் அப்படித்தான், மணல் மாதிரிக் கீழே விழும். வாப்பாவின் மூக்குக்குப் போனது மிகக் கொஞ்சம்.

மெஷின் வந்த பிறகு கதை மாறியது. அந்த மாற்றத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பிரிட்டனில் சாமுவேல் பெந்தாம் என்பவர் 1791 இலும் 1793 இலும் மரவேலை இயந்திரங்களுக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு போர்ட்ஸ்மவுத் கடற்படைத் தளத்தில், கப்பல் பாய்மரங்களுக்கான கப்பிகள் செய்ய, மார்க் புரூனெல் வடிவமைத்து ஹென்றி மோட்ஸ்லி கட்டிக்கொடுத்த இயந்திரங்கள் பூட்டப்பட்டன. 1808 அளவில் அங்கே ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள் செய்தார்கள். முன்பு 110 பேர் செய்த வேலையை 10 பேர் செய்தார்கள். பாடப்புத்தகத்தில் கைத்தொழிற் புரட்சி என்று நாங்கள் படிப்பிப்பது இதைத்தான். ஆனால் அந்த 10 பேரைச் சுற்றியிருந்த காற்று என்ன ஆனது என்று எந்தப் பாடமும் கேட்பதில்லை.

வட்டவாள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்றும். ஒவ்வொரு பல்லும் ஒரு சின்னத் துணுக்கைக் கிழித்து வீசும். சாண்டரில் இருக்கும் ஒவ்வொரு மணலும் ஒரு பல். எம்டிஎஃப் பலகை இன்னும் மோசம். அது 1960களில் அமெரிக்காவில் சந்தைக்கு வந்தது. மரத்தை ஏற்கெனவே நாராக அரைத்துப் பிசினோடு சேர்த்து அழுத்திய பலகை அது. வெட்டினால் சீவல் வராது, மா மாதிரித்தான் வரும். அந்த மாவில் கண்ணுக்குத் தெரியாத பகுதிதான் ஆபத்து. ஒரு தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன். 10 மைக்ரோனுக்குக் குறைந்த தூள் சுவாசப்பை வரை போகும். மெஷினை நிறுத்திய பிறகும் அது மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். ஆகவே வாப்பா செய்த வேலையும் காக்கா செய்கிற வேலையும் பெயரில்தான் ஒன்று.

இனி அந்தத் தூள் இழுக்கும் மெஷினுக்கு வருவோம். அதில் மூன்று பாகங்கள் உண்டு: இழுக்கும் விசிறி, தூளைக் காற்றில் இருந்து பிரிக்கும் கூம்பு, மிச்சத்தை வடிக்கும் பை. மூன்றையும் தேடிப் போனால் மூன்றும் தச்சுத் தொழிலுக்காகப் பிறந்தவை அல்ல.

விசிறியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பொஸ்டன் பகுதியில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஸ்டர்ட்டெவன்ட் என்று ஒருவர் இருந்தார். சப்பாத்துத் தொழிலில் இருந்து வந்தவர். தோலைத் தேய்க்கும் இயந்திரங்களில் இருந்து கிளம்பும் தூசியைத் தாங்க முடியாமல் 1860களில் ஓர் உறிஞ்சு விசிறியை உருவாக்கினார். அவரது கம்பனி பிறகு உலகின் மிகப் பெரிய விசிறிக் கம்பனிகளில் ஒன்றானது.

கூம்பும் பையும் மாவாலைகளில் இருந்து வந்தவை. 1878 மே 2 ஆம் திகதி மினியாப்பொலிஸ் நகரில் வொஷ்பேர்ன் ஏ என்ற மிகப் பெரிய மாவாலை வெடித்துச் சிதறியது. 18 பேர் இறந்தார்கள். யாரும் குண்டு வைக்கவில்லை. காற்றில் மிதந்த கோதுமை மா தீப்பற்றியது, அவ்வளவுதான். அந்த ஆலையைத் திரும்பக் கட்டியபோது மாத்தூளை இழுத்து அகற்றும் ஏற்பாட்டையும் சேர்த்தே கட்டினார்கள். சில ஆண்டுகளில், 1880களின் நடுப்பகுதியில், மிச்சிகன் மாநிலத்தின் ஜாக்சன் நகரில் இருந்த நிக்கர்பொக்கர் கம்பனி மாவாலைகளுக்காகச் சைக்ளோனுக்குக் காப்புரிமை எடுத்தது. ஒரு கூம்புக்குள் காற்றைச் சுழல விட்டால் பாரமான தூள் சுவரில் மோதிக் கீழே வழுக்கி விழும், காற்று நடுவால் மேலே போய்விடும். உள்ளே அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. அதே காலத்தில் ஜேர்மனியின் லூபெக் நகரில் வில்ஹெல்ம் பெத் என்பவர் துணிப்பைகளால் தூசியை வடிக்கும் இயந்திரங்களைச் செய்து விற்றார்.

ஆக 1890 வருவதற்கு முன்பே விசிறி, கூம்பு, பை மூன்றும் உலகத்தில் இருந்தன. பெரிய மர ஆலைகளும் அவற்றை வாங்கின. ஏன் வாங்கின என்பதுதான் கவனிக்க வேண்டியது. சீவல் குவிந்தால் மெஷின் அடைபடும், வேலை நிற்கும். இழுத்தெடுத்த சீவலைக் குழாய் வழியே கொதிகலன் அறைக்கு அனுப்பினால் விறகுச் செலவு மிச்சம். ஆகவே பார்வைக்குத் தெரிந்த சீவலை இழுத்தார்கள். பார்வைக்குத் தெரியாத தூள் வேலையாளின் முகத்துக்கு முன்னால் அப்படியே நின்றது. அதை இழுத்து யாருக்கும் இலாபம் இருக்கவில்லை.

வேலையையும் நோயையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாத காலம் என்று நினைத்துவிட வேண்டாம். இத்தாலியின் மொடேனாவில் இருந்த பெர்னார்டினோ ரமட்சினி என்ற வைத்தியர் 1700 இலேயே தொழிலாளர்களின் நோய்களைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதிவிட்டார். நோயாளியிடம் 'நீ என்ன வேலை செய்கிறாய்?' என்ற கேள்வியையும் வைத்தியர் கேட்க வேண்டும் என்று சொன்னவர் அவர். அந்தக் கேள்வியைத் தளபாடத் தொழிலில் சரியாகக் கேட்க இன்னும் 250 வருடத்துக்கு மேல் எடுத்தது.

இங்கிலாந்தில் ஹை விக்கம் என்று ஒரு நகரம். கதிரை செய்வதில் பேர் பெற்ற ஊர், எங்கள் நாட்டில் மொறட்டுவையைச் சொல்வது மாதிரி. அங்கே ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை வைத்தியராக இருந்தவர் எஸ்மி ஹேட்ஃபீல்ட் என்ற பெண்மணி. மூக்கின் உட்பக்கத்தில் வரும் ஓர் அபூர்வமான புற்றுநோய் தன்னிடம் வருகிறவர்களில் அளவுக்கு மீறித் தெரிவதையும், அவர்கள் தளபாடத் தொழிற்சாலை ஆட்களாக இருப்பதையும் அவர் கவனித்தார். ஒக்ஸ்போர்டில் ரொனால்ட் மக்பெத் என்ற வைத்தியரும் அதையே கண்டிருந்தார். டொனால்ட் அச்சிசன் என்ற ஆய்வாளரும் சேர்ந்து கணக்கெடுத்தார்கள். 1968 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் முடிவு வெளிவந்தது. தளபாடத் தொழிலாளர்களிடம் அந்தக் குறிப்பிட்ட புற்றுநோய் மற்றவர்களை விடப் பல நூறு மடங்கு அதிகம். பொலிஷ் போட்டவர்களிடம் அல்ல, தூளில் நின்று மரத்தை வெட்டியும் தேய்த்தும் வேலை செய்தவர்களிடம். 1969 இல் பிரிட்டன் அதைத் தொழில்சார் நோயாக ஏற்றுக்கொண்டது. 1995 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் வகுப்பில் சேர்த்தது.

இதில் என்னைத் தூங்கவிடாத ஒரு விஷயம் இருக்கிறது. அந்த நோய் வர எடுத்த காலம். முதன்முதலாகத் தூளில் நின்ற நாளில் இருந்து சராசரியாக 40 வருடங்கள் அளவில். என்னிடம் படித்த பையனுக்கு இப்போது 19. கூட்டிப் பாருங்கள். அப்போது காக்காவின் கொட்டில் இருக்குமோ தெரியாது, கேட்பதற்கு நாங்கள் இருப்போமோ தெரியாது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் புற்றுநோய் இன்றும் அபூர்வமானதுதான். ஆனால் இழுப்பு, மூக்கடைப்பு, தோல் அரிப்பு அபூர்வம் இல்லை. அவை 40 வருடம் காத்திருப்பதும் இல்லை.

எங்கள் மரத்துக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. முதிரை மரம் இலங்கையில் இருந்து பிரிட்டனுக்கு ஏற்றுமதியானது. அழகான மஞ்சள் மினுக்கம், நல்ல விலை. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை வேலை செய்த ஆங்கிலேயத் தொழிலாளர்களின் கையும் முகமும் தடித்து, அரித்து, கொப்பளித்தன. 1909 இல் அந்த மரத்தின் வேதிப்பொருட்களை ஆராய்ந்து குளொரொக்சிலோனைன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். "முதிரை அறுத்தா ஒடம்பு கடிக்கும்" என்று வாப்பா சொல்வதுண்டு. அவருக்கு அந்தப் பெயர் தெரியாது. விஷயம் தெரிந்திருந்தது.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். குறைந்த காசில் எதை வாங்குவது?

முதலில் அளவு. பிரிட்டனில் வன்மரத் தூளுக்குச் சட்ட எல்லை ஒரு கனமீற்றர் காற்றுக்கு 3 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 இல் இருந்து 2 மில்லிகிராம். ஓர் அரிசி மணி ஏறத்தாழ 20 மில்லிகிராம். அந்த மணியை ஏழாகப் பிரித்து ஒரு பங்கை ஆயிரம் லீற்றர் காற்றில் கலந்தால் 3 மில்லிகிராம். ஆகவே தும்புத்தடியால் கூட்டுவதும், கொம்பிரஷர் காற்றால் ஊதுவதும் சுத்தம் செய்வது அல்ல. கீழே விழுந்ததைத் திரும்ப மூக்கு உயரத்துக்குக் கிளப்புவதுதான்.

இரண்டாவது, குழாய். மரத்தூள் குழாய்க்குள் தங்காமல் ஓட, காற்று விநாடிக்கு 20 மீற்றர் வேகத்தில் போக வேண்டும். அந்த வேகத்தில் 4 அங்குலக் குழாய் நிமிடத்துக்கு ஏறத்தாழ 350 கன அடி காற்றைக் கொண்டுபோகும். 2 அங்குலக் குழாயில் பாதி வரும் என்று நினைக்காதீர்கள். விட்டம் பாதியானால் பரப்பு நாலில் ஒன்று. 90 கன அடி கூட வராது. வட்டவாளுக்கும் பிளேனருக்கும் 350 க்குக் குறையாமல் வேண்டும். ஆகவே வீட்டு வக்கியூம் கிளீனரைப் பிளேனரில் பூட்டுவது காசுக்குக் கேடு. ஆனால் அதே வக்கியூம் கை சாண்டருக்கு நல்ல பொருத்தம். சாண்டரின் வாய் சிறியது, காற்று கொஞ்சம் போதும், இழுவைதான் பலமாக வேண்டும்.

கடையில் சொல்லும் இலக்கத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் குழாயும் பையும் இல்லாமல் வெறும் விசிறி தள்ளும் காற்றின் அளவு. நெளிவுள்ள ஹோஸ் காற்றை மறிக்கும். ஹோஸைக் குறைத்து, மெஷினைக் கிட்ட நகர்த்தி, வழவழப்பான பிவிசி குழாயைக் கூட்டினால் மோட்டரை மாற்றாமலே இழுவை கூடும்.

மூன்றாவது, பை. இதில்தான் வரலாறு எங்களுக்கு உதவி செய்தது. மலிவான மெஷினோடு வரும் துணிப்பை பெரிய தூளைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூளைக் கொட்டிலுக்குள்ளேயே ஊதிவிடும். அதனால்தான் வெளிநாட்டுக்காரர்கள் விலை கூடிய வடிகட்டிகளை வாங்கச் சொல்கிறார்கள். அவர்கள் ஏன் காற்றைத் திரும்ப உள்ளே விடுகிறார்கள்? குளிர். சூடாக்கிய காற்றை வெளியே விட்டால் காசு போகும். எங்களுக்கு என்ன குளிர்? நாங்கள் மெஷினையே கொட்டிலுக்கு வெளியே வைத்துவிடலாம். பை விட்ட மெல்லிய தூள் வெளியே போகும். ஒரே நிபந்தனை, அயலவரின் ஜன்னல் பக்கமும் கிணற்றுப் பக்கமும் அது போகக் கூடாது. எங்கள் மூக்கைக் காப்பாற்றப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மூக்கை எடுக்க முடியாது.

நாலாவது, கூம்பு. இதற்குக் காசு கொட்டத் தேவையில்லை. ஒரு மூடியுள்ள பரலில் காற்று பக்கவாட்டால் நுழைந்து சுழன்று, நடுவால் வெளியேறும்படி செய்தால் பெரும்பகுதித் தூள் பரலிலேயே விழும். அமெரிக்காவில் பொழுதுபோக்காக மரவேலை செய்யும் ஒருவர், விழுந்த தூள் திரும்பக் கிளம்பாமல் இருக்க, விளிம்பில் இடைவெளி விட்ட ஒரு தட்டை உள்ளே வைக்கும் முறையை இணையத்தில் இலவசமாகப் போட்டார். தியன் தடுப்பு என்று தேடினால் படங்கள் கிடைக்கும். அலுமாரி செய்யத் தெரிந்தவருக்கு அது அரை நாள் வேலை.

ஐந்தாவது, நெருப்பு. மினியாப்பொலிஸ் பழைய கதை இல்லை. 2012 இல் கனடாவின் பேர்ன்ஸ் லேக், பிரின்ஸ் ஜோர்ஜ் என்ற இரு இடங்களில் மூன்று மாத இடைவெளியில் இரண்டு மர ஆலைகள் வெடித்தன. ஒவ்வொன்றிலும் இருவர் இறந்தார்கள். இரண்டிலும் வெடித்தது மரத்தூள். சிறு கொட்டிலில் அப்படி வெடிப்பது அரிது. ஆனால் பழைய பலகையில் இருக்கும் ஆணியில் வாள் பட்டுப் பறக்கும் பொறி தூள் பைக்குள் போனால், இரவெல்லாம் கனன்று விடியும்போது நெருப்பாகும். ஆகவே ஆணி பார்த்து அறுக்க வேண்டும். பரலையும் பையையும் பின்னேரமே வெறுமையாக்க வேண்டும்.

"கொட்டில் திறந்துதானே இருக்கு, காத்து எடுத்துட்டுப் போகாதா?" என்று காக்கா கேட்டார். மத்தியான வெயில் கொட்டிலுக்குள் சரிந்து விழுந்த நேரம் சாண்டரைப் போடச் சொன்னேன். வெளிச்சத்தில் தூள் மேகம் தெரிந்தது. காற்று எடுத்துப் போவதற்கு முன் அது பையனின் முகத்தைத் தாண்டித்தான் போனது. காக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை.

இந்த நாட்டில் சட்டம் இல்லாமலும் இல்லை. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலேயே வேலையிடத்தில் தூசியை அகற்றுவது பற்றிய விதி இருக்கிறது. ஆனால் வளவுக்குள் இருக்கும் கொட்டிலில் அந்தச் சட்டம் காக்காவின் மனசாட்சிதான்.

கடைசியில் செய்தது இதுதான். திக்னசர் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. ஒரு குதிரை வலு மோட்டருள்ள, பாவித்த ஒற்றைப் பை மெஷின் ஒன்று கிடைத்தது. அதைப் பின்வேலிப் பக்கம், வெற்றுக் காணியைப் பார்த்தபடி, தகரக் கூரை போட்டு வைத்தோம். நடுவில் ஒரு நீலப் பரல், உள்ளே காக்கா வெட்டிய தட்டு. ஒரேயொரு 4 அங்குலக் குழாய். எல்லா மெஷினுக்கும் ஒரேயடியாகக் குழாய் ஓட்டாமல், எந்த மெஷின் ஓடுகிறதோ அதில் மாற்றிப் பூட்டுகிறார்கள். சாண்டருக்கு வீட்டில் கிடந்த வக்கியூமும், பெயின்ற் வாளியில் செய்த சின்னக் கூம்பும். தேய்க்கும்போது என்95 முகக்கவசம். கொரோனாக் காலத்தில் பழகியதுதானே. திக்னசருக்குச் சேர்த்த காசில் பாதிக்கு மேல் மிஞ்சியது.

முழுத் தூளும் போய்விட்டதா? இல்லை. வட்டவாளின் மேல்பக்கத்தால் இன்னும் பறக்கிறது. அதற்கு ஒரு மூடி செய்ய வேண்டும், இன்ஷா அல்லாஹ். ஆனால் பரலை முதல் நாள் பின்னேரம் திறந்தபோது அது பாதி நிரம்பியிருந்தது. காக்கா கையை விட்டு அள்ளிப் பார்த்தார். "இவ்வளவுமா தம்பி நாங்க இழுத்துக்கொண்டிருந்த?" என்றார். எல்லாம் இல்லை, இதில் பெரும்பகுதி எப்படியும் கீழே விழுந்திருக்கும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

விசிறி தோல் தேய்த்த இடத்தில் பிறந்தது. கூம்பும் பையும் மாவாலைக்காக வந்தன. மர ஆலை அவற்றை வாங்கியது கொதிகலனுக்காக. வேலை செய்கிறவனின் மூச்சுக்காக அவற்றைப் பூட்ட வேண்டும் என்பது நூறு வருடம் பிந்தித்தான் பலருக்கு விளங்கியது. அடுத்த முறை கைத்தொழிற் புரட்சிப் பாடம் எடுக்கும்போது இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லப் போகிறேன். அந்த வகுப்பிலும் ஓ.எல். முடித்துப் பட்டறைக்குப் போகப்போகும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள்.

உங்கள் ஊரில் குறைந்த செலவில் இதை வேறு விதமாகச் செய்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். பரலின் படம் வேண்டியவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். பட்டறை வைத்திருக்கும் உறவினர் யாரும் இருந்தால் இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். வாசிக்க நேரமில்லை என்பார்கள், தெரியும். ஒரு பிளேன்ரீ குடிக்கும் நேரம் போதும்.